சுத்திகரித்த கழிவுநீரைச் சொட்டுநீர்க் குழாயில் விடும் முறை

எங்கள் தென்னந்தோப்புக்கு நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் வரத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிணறு வற்றும் கோடையிலும் குறையாமல் வரும் இந்த நீரைப் பலரும் பயன்படுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் பாதுகாப்பாகப் பயன்படுத்த வேண்டும்.

முதலில், அது வீட்டுக் கழிவுநீர்தானா என்று விசாரியுங்கள். சாயக்கழிவு கலந்தால் உப்பு தங்கிவிடும். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள வயல்கள் பட்ட பாட்டைக் கொங்கு விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பை அளக்க, டிடிஎஸ் பேனாவை விட, நீரின் மின்கடத்துதிறனை (EC) அளக்கும் ஈசி மீட்டரே நல்லது என்பேன். அது காட்டும் அளவு மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் (dS/m) கீழே இருந்தால் கவலையில்லை, 3ஐத் தாண்டினால் அந்த நீர் வேண்டாம்.

அடுத்தது பயிர். தென்னை, தீவனப்புல், பருத்தி ஆகியவற்றுக்குப் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் காய்கறிக்கும் கீரைக்கும் பாய்ச்சாதீர்கள்.

என்னைத் தடுக்கி விழவைத்தது மூன்றாவது படி. வந்த நீரை நேராகச் சொட்டுநீர்க் குழாயில் இணைத்தேன். மூன்றே வாரத்தில் கடைசி வரிசை மரங்களின் மட்டைகள் தொங்கின. குழாயின் முனை மூடியைக் கழற்றியபோது, வெண்டைக்காய்ச் சாறு போன்ற கரும்பச்சை வழவழப்பு கையில் ஒட்டியது. நீரில் எஞ்சியிருக்கும் கரிமச் சத்தைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள் குழாயின் உட்சுவரில் படிந்து, சொட்டுவான்களை அடைத்துவிட்டிருந்தன. இப்போது நீரை ஒரு நாள் தொட்டியில் தெளியவிடுகிறேன். மோட்டார் நீரை உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள ஃபுட்வால்வை அடியில் கிடத்தாமல், காலி கேனில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கவிட்டிருக்கிறேன். சல்லடை வடிகட்டியில் இந்த வழவழப்பு நழுவிப் போய்விடுவதால், வரிப்பள்ளமுள்ள வட்டத் தகடுகளை அடுக்கிய 120 மெஷ் டிஸ்க் ஃபில்டரையே வாங்குங்கள். வாரம் ஒருமுறை முனை மூடிகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். குளோரின் செலுத்துவதானால், அதே நேரத்தில் அமிலத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். உண்டாகும் வாயு உயிருக்கே ஆபத்தானது.

உரத்தையும் குறைக்க வேண்டும். நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், 10 லட்சம் லிட்டரில் 20 கிலோ வந்துவிடுகிறது. அது ஏறக்குறைய 43 கிலோ யூரியாவுக்குச் சமம். ஆகவே ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே யூரியா மூட்டையைப் பிரியுங்கள்.

பாத்தியில் இறங்குபவர்கள் ரப்பர் காலணி அணிய வேண்டும், உண்ணும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இளநீர்க் குலையை ஈரப் பாத்தியில் போடாதீர்கள். மட்டையில் ஒட்டிய சேறு, சீவும் அரிவாளோடு நாம் குடிக்கும் நீர் வரைக்கும் போய்விடும்.

பின்சேர்க்கை: இரண்டு வாசகர்கள் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயையும் இந்தக் குழாயையும் ஒரே வால்வில் இணைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். உடனே பிரித்துவிடுங்கள். மோட்டார் நிற்கும்போது கழிவுநீர் பின்னோக்கிப் பாய்ந்து கிணற்றுக்குள் இறங்கக்கூடும். இரண்டும் தேவையானால், தனித்தனிக் குழாய்களாகத் தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து விழும்படி அமையுங்கள்.