கேஸ் டிடெக்டரை எங்கே மாட்டக் கூடாது?

நம்மூர்ச் சமையலறையில் பிளக் பாயின்ட் மிக்ஸியை மனதில் வைத்து வைக்கப்படுவது. மேடைக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் இருக்கும். கேஸ் கசிந்தால் கத்தி எச்சரிக்கும் கேஸ் டிடெக்டரும், கடையிலிருந்து வந்ததும் நேராக அங்கேதான் போய்ச் செருகிக்கொள்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்ததென்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம். பியூட்டேன் இரண்டு மடங்கு. ரெகுலேட்டரிலோ டியூபிலோ கசிந்தால் மேலே எழும்பாமல், கொட்டிய தண்ணீர்போலத் தரையில் பரவும், மேடைக்கடியில் தேங்கும், வழியிருந்தால் சாக்கடைக் குழிக்குள்ளும் இறங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள், அதுவும் தரையை ஒட்டித்தான். அது தானாக ஆன் ஆகும்போது எழும் சிறு பொறி போதும்.

வீட்டு டிடெக்டர்கள் தீப்பிடிக்கும் அளவில் ஒரு சிறு பங்கு வந்ததுமே கத்தும்படி செய்யப்பட்டவை. ஆனால் அந்தச் சிறு பங்கு சென்சாரைத் தொட வேண்டுமே! எல்.பி.ஜி. என்றால் டிடெக்டர் தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டருக்குள், அதாவது ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். அதற்காகத் தரையிலேயே வைத்துவிடவும் கூடாது. அடுக்களையைக் கழுவிவிடும் வழக்கம் உள்ள வீடுகளில் ஒரே வாரத்தில் தண்ணீர் ஏறிவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்துக் கீழே தனி பாயின்ட் போடச் சொல்வதுதான் சரி. இல்லையென்றால் சென்சார் பகுதி தனியாக ஒயரில் வரும் மாடலை வாங்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு அதில் செருகுவது சிக்கனமல்ல, இன்னொரு ஆபத்து.

அந்த பாயின்ட்டுக்கு சுவிட்ச் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இரவு படுக்கப் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்தில் டிடெக்டரும் அணைந்துவிடும், வீடே தூங்கும் நேரத்தில். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

குழாய் எரிவாயு வாங்கும் வீட்டில் கணக்கு தலைகீழ். அதில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல். கசிந்தால் நேரே கூரைக்குப் போகும். எனவே டிடெக்டர் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், ஜன்னல், கதவுகளின் மேல் விளிம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் பீம் குறுக்கே ஓடினால், அடுப்பு இருக்கும் பக்கத்தில் மாட்டுங்கள்; வாயு பீமைத் தாண்டாமல் அடுப்புப் பக்கமே தேங்கி நின்றுவிடும். சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் இப்போது சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுகிறார்கள். அடுப்பின் பர்னர் ஜெட்டை மாற்றித்தர ஆள் வருகிறார். கீழே இருக்கும் டிடெக்டரை மேலே ஏற்ற யாருக்கும் நினைவு வருவதில்லை. மாடலும் மீத்தேனுக்கு ஏற்றதுதானா என்று பெட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுப்புக்கு மிக அருகே மாட்டுவது அடுத்த தவறு. விலை குறைந்த டிடெக்டர்களில் பெரும்பாலும் இருப்பது சூடேற்றிய உலோக ஆக்சைடு சென்சார். அது எல்.பி.ஜி.யை மட்டும் பார்த்துக் கத்துவதில்லை. சாராய ஆவி, சானிடைசர், சென்ட், தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை என்று எதற்கும் கத்தலாம். கரப்பான் பூச்சி ஸ்பிரேயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; பல ஸ்பிரே டப்பாக்களில் மருந்தை வெளியே தள்ளுவதே புரொப்பேன், பியூட்டேன் வகை வாயுதான். தினமும் கடுகு வெடிக்கும்போதெல்லாம் அலறும் கருவியை எந்த வீட்டிலும் ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவைக்க மாட்டார்கள். அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி, ஆனால் அதே அறையில் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமும் ஜன்னலோரமும் வேண்டாம், வரும் காற்று வாயுவை விரட்டிவிடும். கதவுக்குப் பின்னாலும், அரிசி டிரம்முக்குப் பின்னாலும் வாயு சுற்றி வர நேரமாகும்.

மாடுலர் கிச்சனில் சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். உள்ளே கசிந்தால் அலமாரி நிரம்பிய பிறகே வெளியே உள்ள டிடெக்டருக்குத் தெரியும். அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் துளைகள் வேண்டும். டிடெக்டர் அந்தத் துளைகளுக்கு எதிரே, தாழ்வாக. சிலிண்டர் பால்கனியில் இருந்து குழாய் மட்டும் உள்ளே வந்தாலும் டிடெக்டர் உள்ளேதான், இணைப்புகள் இருக்கும் பக்கம்.

குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவி அங்கேயும் காப்பாற்றும் என்று நம்புவதுண்டு. அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் கசிந்த கேஸ் அல்ல, சரியாக எரியாததால் வரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, டிடெக்டரும் வேறு. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசரே கூடாது.

சோதனை பட்டன் பல மாடல்களில் மின்சுற்றும் அலாரமும் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே காட்டும், சென்சாரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் சிலர் சிகரெட் லைட்டரை டிடெக்டரின் முகப்பில் பிடித்து வாயுவை அடிக்கிறார்கள். அவ்வளவு செறிவான வாயு சென்சாரையே கெடுத்துவிடக்கூடும். கையேட்டில் சொன்ன முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சென்சாருக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக ஐந்து ஆண்டுகள் அளவில். மாட்டிய தேதியை அதன் பக்கவாட்டில் எழுதி வையுங்கள்.

அலறும்போது பலரும் செய்வது, சத்தம் தாங்காமல் பிளக்கைப் பிடுங்குவது. பிடுங்கும் இடத்தில் பொறி வரும், அதுவும் வாயு தேங்கிய உயரத்திலேயே. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் லைட்டை அணைப்பதும் அதே ரகம். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து 1906-ஐ அழையுங்கள். அது எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண். டிடெக்டர் உள்ளே கத்திக்கொண்டே இருக்கட்டும்.