யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லையா?

அடிவயிற்றில் வலி, நீர் போகும்போது கடுப்பு, போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பாத்ரூம். வீட்டில் சொன்னால் உடம்புச் சூடு என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை தருவார்கள். பல சமயம் அது இன்ஃபெக்‌ஷனாகவே இருக்கும், சரியாகியும் விடும். ஆனால் கல்ச்சரில் கிருமியே இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால், அது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்று சொல்வது இதைத்தான்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, கல்ச்சர் பார்க்காமலே ஆன்டிபயாடிக் சாப்பிடுவது. சாதாரண யூரின் டெஸ்ட் வேறு, கல்ச்சர் வேறு. கல்ச்சரில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். மாத்திரை போட்ட பிறகு சாம்பிள் கொடுத்தால், கிருமி இருந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகலாம். அதனால் முதலில் சாம்பிள், அப்புறம் மாத்திரை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வலி இருந்தால் மட்டும் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

‘மாத்திரை போட்டதும் குறைந்ததே’ என்று பலர் கேட்பார்கள். இந்த வலி சில நாள் ஏறும், சில நாள் தானாகவே இறங்கும். இறங்கும் நேரத்தில் கையில் இருந்த மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. இப்படியே வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

அடுத்தது, ரிப்போர்ட் நார்மல் என்றதும் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று விட்டுவிடுவது. வலி இருக்கிறது, கிருமி இல்லை என்றால் அதுவே ஒரு துப்பு. பை நிரம்ப நிரம்ப வலி ஏறுகிறதா, நீர் போனதும் கொஞ்சம் அடங்குகிறதா என்று கவனியுங்கள். எங்கே கசிந்துவிடுமோ என்று பாத்ரூமுக்கு ஓடுவது வேறு பிரச்சினை. சிறுநீர்ப்பை வலி நோய் உள்ளவர்கள் வலி தாங்காமல் ஓடுகிறார்கள். மாதவிடாய்க்கு முன்பும் தாம்பத்திய உறவின்போதும் வலி கூடலாம். இதைப் பெண்கள் டாக்டரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள், நோயைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆண்களுக்கும் இது வரும், பெரும்பாலும் புராஸ்டேட் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

பஸ் பயணம், ஆபீஸ் என்று தண்ணீரைக் குறைப்பதும் தவறு. சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் கூடும். சூட்டுக்கு நல்லது என்று குடிக்கும் எலுமிச்சை ஜூஸ் சிலருக்கு வலியைக் கிளப்பிவிடும். காபி, டீ, தக்காளி, காரம் எல்லாமே அப்படித்தான். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். யூடியூப் பார்த்து, இடுப்படித் தசையை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சி ஆரம்பிப்பதும் ஆபத்துதான். இந்த நோயில் பலருக்கு இடுப்படித் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும், இன்னும் இறுக்கினால் வலிதான் கூடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ‘எனக்கு இதுதான்’ என்று தானே முடிவு கட்டிவிடுவது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும், புகைபிடிப்பவர்கள் கட்டாயமாக. சிறுநீர்ப்பைக் காசநோயும் இதே மாதிரி படுத்தும். சாதாரண கல்ச்சரில் அது தெரியாது, தனி டெஸ்ட் வேண்டும். சிறுநீர்ப் பாதைக் கல், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை வலி நோயை உறுதிசெய்ய ஒற்றை டெஸ்ட் கிடையாது. கேமரா விட்டுப் பார்த்தாலும், சிறுநீர்ப்பையின் உள்சுவரில் இந்த நோயால் வரும் ஹன்னர் புண் சிலருக்குத்தான் தெரியும்.

யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப் பாதை டாக்டரிடம்) போகும் முன் மூன்று நாள் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், அளவுக் கோப்பையில் எத்தனை மில்லி, வலி பத்துக்கு எத்தனை. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 250 முதல் 400 மில்லி போகும். உங்கள் தாளில் 60, 80 என்றே வரிசையாக இருந்தால் டாக்டர் அங்கேயே கேள்வி கேட்க ஆரம்பிப்பார். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.