சுற்றுச்சூழல் படித்தவர்கள் வேலை தேடும்போது செய்யும் தவறுகள்

சுற்றுச்சூழல் அறிவியலோ சமூகப் பணியோ படிக்கும் பிள்ளைகள் வேலை பற்றிக் கேட்டால், முதலில் தகுதி விதியைப் படிக்கச் சொல்வேன். இந்திய வனப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவம், தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் ஆகியவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! காட்டு வேலைக்கென்றே இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் கடைசி ஆண்டில் இது தெரிய வந்தால் என்ன செய்வது? சேரும்போதே தாவரவியலோ வேதியியலோ கூட வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அரசு வேலை, அது கிடைக்காவிட்டால் தொண்டு நிறுவனம், வேறு வழியே இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. தொழிற்சாலைப் பக்கம் போனால் கொள்கையை விட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வு வேறு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதால் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு இன்று அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அதற்குள் நேர்மையான ஒருவர் இருந்தால் ஆற்றுக்குத்தான் நல்லது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிப்படி, 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடவும் ஆள் வேண்டும்.

சான்றிதழ் சேர்க்கும் வேகத்தில் கைவேலையை விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்க மாதிரி எடுக்கும்போது, பாட்டிலுக்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு தப்பிவிடும். அந்த அளவு மாறாமல் இருக்க, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடியைப் போட வேண்டும். இதைப் பத்து முறை கையால் செய்தவர் நேர்காணலில் பேசுவதே தனியாகத் தெரியும். படிக்கும்போதே ஊர்க் குளத்தில் பழகுங்கள்.

சமூகப் பணிப் பக்கம் வருகிறவர்கள், நடவு நேரத்தில் நாற்பது கேள்விகளோடு ஊருக்குள் போய் நிற்கிறார்கள். சேற்றில் நிற்கும் அம்மா என்ன பதில் சொல்லுவார்? மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஊர் என்றால், முதலில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி யார் என்று விசாரித்து, அவரோடு மடை வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். எந்த மடை எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, உபரி நீர் வழியும் கலங்கலை யார் உயர்த்தினார்கள் எல்லாம் அந்த நடையிலேயே தெரிந்துவிடும். அப்புறம் கேள்வித்தாளை எடுங்கள். பாதிக் கேள்விகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

தமிழில் எழுதத் தெரிவதை யாரும் தகுதியாகவே எண்ணுவதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டம் பற்றி மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன், அதன் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை மக்களின் மொழியிலும் தர வேண்டும். தன் வீட்டுக் கிணற்றுக்கு என்ன ஆகும் என்று தேடிப் படிப்பவருக்கு, அதில் பல வரிகள் புரியாமலே போகின்றன. அப்படி ஒரு சுருக்கத்தை எடுத்து, இரண்டே பக்கத்தில் தெளிவாக எழுதிப் பாருங்கள். ஆலோசனை நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.