பெரிய பவர் புஷ்-புல் கன்வர்ட்டருக்கு எந்த கன்ட்ரோலர் ஐசி?

ஒரு கிலோவாட் அளவிலான புஷ்-புல் கன்வர்ட்டருக்கு (இரண்டு பக்க சுவிட்ச்கள் மாறிமாறி ஆன் ஆகி டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டும் சர்க்யூட்) ஐசி தேடும்போது பலரும் முதலில் பார்ப்பது, அவுட்புட் பின் எத்தனை ஆம்பியர் தரும் என்பதை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். தனி டிரைவர் ஐசி போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். முதலில் முடிவு செய்ய வேண்டியது வோல்டேஜ் மோடா (அவுட்புட் வோல்டேஜை மட்டும் பார்த்துப் பல்ஸின் அகலத்தை முடிவு செய்வது), கரன்ட் மோடா (கரன்டை அளந்து ஒவ்வொரு பல்ஸையும் நிறுத்துவது) என்பதுதான்.

காரணம் டிரான்ஸ்ஃபார்மர் கோர். ஒரு பக்க மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஆன் ஆகியிருக்கும் நேரத்துக்கும் மறுபக்கத்தின் நேரத்துக்கும் சிறு வித்தியாசம் இருந்தாலும் கோரின் ஃபிளக்ஸ் (காந்தப் பாயம்) ஒரு பக்கமாக நகரும். 12 வோல்ட் சப்ளையில் சுற்றுகளின் ரெசிஸ்டன்ஸ் சில மில்லி ஓம்தான். அது நகர்வைப் பெரிதாகத் தடுக்காது. கோர் சாச்சுரேட் ஆனதும் (அதற்குமேல் காந்தம் ஏற முடியாத நிலை) ஒரு பக்கத்தில் மட்டும் பல்ஸின் கடைசியில் கரன்ட் ஊசி போல் எழும். அந்தப் பக்க மாஸ்ஃபெட்தான் முதலில் போகும். ஒரு பக்க ஹீட் சிங்க் மட்டும் அதிகம் சுட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஃபுல் பிரிட்ஜில் போல சீரிஸ் கெப்பாசிட்டர் வைத்துத் தப்பிக்கவும் இங்கே வழியில்லை.

கரன்ட் மோடில் ஒவ்வொரு பல்ஸும் ஒரே உச்ச கரன்டில் நிற்பதால் சமநிலை தானாக வரும். எனவே ரெகுலேட் செய்த அவுட்புட் வேண்டுமென்றால் கரன்ட் மோட் ஐசியான யூசி3846 எடுங்கள். 100 ஆம்பியரை ஷண்டில் (கரன்ட் வழியில் வைக்கும் சிறு ரெசிஸ்டரில்) அளந்தால் வீணாகும் பவர் மிக அதிகம். 1:100 கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் இரண்டு டிரெயின் வயர்களையும் எதிரெதிர் திசையில் நுழையுங்கள். அப்போதுதான் அதன் கோர் ரீசெட் ஆகும். செகண்டரியில் நான்கு டயோடு பிரிட்ஜ், அதன்பின் 1 ஓம் லோடு. 100 ஆம்பியருக்கு 1 வோல்ட் வரும். ஐசியின் உச்ச வரம்பு ஏறத்தாழ 1.1 வோல்ட். ஆன் ஆகும்போது வரும் ஸ்பைக்குக்கு 1 கிலோ ஓம், 220 பிகோஃபாரட் ஃபில்டர் வையுங்கள். 8ஆம் பின்னின் ரேம்ப்பை (சரிவாக ஏறும் வோல்டேஜ்) பஃபர் செய்து, கரன்டை அளக்கும் 4ஆம் பின்னில் கொஞ்சம் கலக்க வேண்டும். இந்த ஸ்லோப் காம்பன்சேஷன் இல்லாவிட்டால் அடுத்தடுத்த பல்ஸ்கள் அகலமும் குறுகலுமாக மாறிமாறி வரும். அவுட்புட்டில் இண்டக்டரும் கட்டாயம்.

இண்டக்டர் இல்லாத, ரெகுலேஷன் தேவைப்படாத டிசைனுக்கு வோல்டேஜ் மோட் ஐசியான எஸ்ஜி3525 போதும். டைமிங் கெப்பாசிட்டர் 2.2 நானோஃபாரட், ரெசிஸ்டர் 5.6 கிலோ ஓம், டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் 150 ஓம் போட்டால் ஆசிலேட்டர் சுமார் 104 கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் அதில் பாதி, 52 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும். டெட் டைம் (இரண்டு பக்கமும் ஆஃப் ஆக இருக்கும் இடைவெளி) ஏறத்தாழ 1 மைக்ரோ செகண்ட். 10ஆம் பின்னை ஓவர் கரன்ட் ஷட்டவுனுக்குப் பயன்படுத்துங்கள். சும்மா தொங்கவிட்டால் நாய்ஸ் பிடித்து அவுட்புட்டை வெட்டும். டிஎல்494 மலிவுதான், ஆனால் அவுட்புட்டில் வெறும் டிரான்சிஸ்டர்கள்; மாஸ்ஃபெட்டின் கேட்டை டிஸ்சார்ஜ் செய்ய வெளியே பிஎன்பி டிரான்சிஸ்டர் சேர்க்க வேண்டும்.

பக்கத்துக்கு நான்கு மாஸ்ஃபெட், தலா 150 நானோகூலும் கேட் சார்ஜ் என்றால் மொத்தம் 600. அதை 100 நானோ செகண்டில் நிரப்ப 6 ஆம்பியர் வேண்டும். இந்த ஐசிகள் தருவது அரை ஆம்பியர் அளவே. டிசி4422 போன்ற 9 ஆம்பியர் டிரைவரைப் பக்கத்துக்கு ஒன்றாக கேட்டுக்கு அருகிலேயே வையுங்கள், ஒவ்வொரு கேட்டுக்கும் தனி ரெசிஸ்டரோடு.

எஸ்ஜி3525, யூசி3846 இரண்டும் 8 வோல்ட் அளவிலேயே ஓடத் தொடங்கும். சாதாரண மாஸ்ஃபெட்டுக்கு கேட்டில் 10 வோல்ட் தேவை. பேட்டரி அதற்குக் கீழே இறங்கினால் நிறுத்த, தனி கம்பேரேட்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.