டி.எஸ். பாலையாவின் படங்களைத் தொகுத்துப் பார்ப்பது எப்படி?

நாயக நடிகருக்குப் படப் பட்டியல் போடுவது சுலபம். சுவரொட்டியிலேயே பெயர் இருக்கும். 1936-இல் ‘சதிலீலாவதி’யில் அறிமுகமாகி வில்லன், நண்பன், அப்பா, பாகவதர், தவில்காரர் என்று மாறி மாறி வந்த பாலையாவுக்கு அப்படி நடக்காது. படப் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினால் ஒன்றும் தேறாது. பாத்திரத்தின் பெயர், தொழில், கதாநாயகனுக்கு என்ன உறவு, முடிவில் திருந்துகிறாரா, திரையில் எத்தனை நிமிடம் வருகிறார் என்று அட்டவணையில் தனித்தனிப் பத்திகள் போடுங்கள்.

முதலில், படம் வெளிவந்தபோது திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். நடிகர் பெயரும் பாத்திரப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் கதைச்சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். வில்லன் திருந்தினானா, செத்தானா என்பது அந்த மீதியில்தான் இருக்கிறது. படத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்காமல் அந்தப் பத்தியை நிரப்பக் கூடாது. பெயரைத் தேடும்போது பாலையா, பாலய்யா இரண்டையும் போட்டுப் பாருங்கள். முன்னெழுத்தை மட்டும் நம்பினால் நடிகர் டி.எஸ். துரைராஜும் உள்ளே வந்துவிடுவார். ஆண்டைத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து எடுக்காதீர்கள். டிசம்பரில் சான்றிதழ் வாங்கிப் பொங்கலுக்கு வந்த படம் ஓராண்டு முன்னால் போய்விடும். அன்றைய நாளிதழ் விளம்பரமே சரியான சாட்சி.

அடுத்து, கையிலுள்ள பிரதி முழுசா என்று பாருங்கள். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். சான்றிதழில் 16,000 அடி என்றிருந்தால் சுமார் 178 நிமிடம். பிரதி 171 நிமிடம் ஓடினால் பதற வேண்டாம்: நொடிக்கு 24 பிரேம் படத்தை 25 பிரேம் வீடியோவாக மாற்றியதில் வந்த வித்தியாசம் அது. 150 என்றால் நிச்சயம் வெட்டு. அப்படி வெட்டும்போது நாயகன் காட்சியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். துணைப் பாத்திரங்கள்தான் போகும். அந்தப் பிரதியில் அளந்த நிமிடக் கணக்கைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

பார்க்கும் வரிசைக்குக் காலவரிசை தேவையில்லை. ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பனையும் ‘பாகப்பிரிவினை’ (1959) மூத்த அண்ணனையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மூன்றாண்டு இடைவெளியில் வில்லத்தனம் போய்க் குடும்பத் தலைவரின் நடையும் குரலும் வந்திருப்பது உடனே பிடிபடும்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) பேய்க்கதைக் காட்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பேசுவது, சத்தம் எழுப்புவது எல்லாம் நாகேஷ். பாலையாவுக்குக் கேட்பதுதான் பெரும்பாலும் வேலை. ஒருமுறை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை நாகேஷ் பக்கமே கண்ணைத் திருப்பாதீர்கள். மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, முகத்தில் பயம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று நேரத்தைக் குறியுங்கள். கேட்பவர் நிஜமாகவே பயந்தால்தான் அங்கே சிரிப்பு வரும். இந்தக் காட்சியை நாகேஷின் கணக்கில் மட்டும் எழுதுவது எங்கள் பார்வையில் அநியாயம்.

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ‘ஒருநாள் போதுமா’ பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். உதட்டை விட்டுவிட்டுக் கழுத்தையும் கையையும் பாருங்கள். சங்கதிக்குச் சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும்போது) உடம்பு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். பிறகு ‘பாட்டும் நானே’யைக் கேட்கும் ஹேமநாத பாகவதராகப் பாலையா வரும் இடத்துக்கு வாருங்கள். அந்த மிடுக்கு எங்கே போயிற்று? இந்த இரண்டு இடங்களுக்கும் பட்டியலில் இரண்டு வரி கொடுக்கலாம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவில்காரர் முத்துராக்குவுக்குக் கைகளைக் கவனியுங்கள். தவிலில் வழக்கமாக இடது கையில் கழி, வலது கை விரல்களில் கூடு (விரலில் மாட்டும் கடினமான உறை). அண்மைக் காட்சியில் கை தாளத்தோடு சேர்கிறதா என்று ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சரிபாருங்கள்.

பார்க்காத படங்களுக்கு ‘பார்க்கவில்லை’, ‘பிரதி கிடைக்கவில்லை’ என்று இரண்டு வேறு குறிகள் வையுங்கள். முதல் வகையை நீங்களே ஒருநாள் நிரப்பிவிடலாம். இரண்டாவதற்குப் பாட்டுப் புத்தகமும் பழைய விமர்சனமும்தான் கதி.