இடுப்பில் மறைத்து வைக்கும் கைத்துப்பாக்கி: முதல்முறை வாங்குவோர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் சிறிய மளிகைக் கடை ஒன்று நடத்துகிறேன். இரவு பத்து மணிக்குக் கணக்கை முடித்து, அன்றைய பணத்துடன் தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். அதற்காகத்தான் துப்பாக்கி வாங்கினேன். “உங்களுடையது சின்னக் கை, சின்னத் துப்பாக்கிதான் பொருந்தும்” என்று விற்பனையாளர் சொன்னதை அப்படியே நம்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் பயிற்சியில் இருபது தோட்டாக்கள் சுடுவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை சிவந்து வீங்கிவிட்டது. அதன் பிறகு பயிற்சிக்குப் போகவே மனம் வரவில்லை. எட்டு மாதம் அது பெட்டிக்குள் கிடந்தது.

சிறிய துப்பாக்கி புதியவருக்கு எளிது என்ற எண்ணம் தவறு. அதை மறைப்பதுதான் எளிது, சுடுவது கடினம். வாங்கப் போகிறவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். கீழே சொல்வது டெக்சஸ் நிலவரம். உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் விசா நிலையைப் பாருங்கள்

நம்மவர்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. “டெக்சஸில் யாரும் கேட்க மாட்டார்கள்” என்று நண்பர் சொல்வார், நம்ப வேண்டாம். மாநிலச் சட்டம் தளர்வாக இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. பயிற்சித் தளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் ‘வைத்திருப்பது’ என்றே கருதப்படும். மீறினால் சிறைத் தண்டனை மட்டுமல்ல, நாடு கடத்தப்படவும் அது காரணமாகலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. தம்பதியரில் ஒருவருக்குக் கிரீன் கார்டும் மற்றவருக்குத் தற்காலிக விசாவும் இருந்தால், பெட்டகத்தின் சாவியும் எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்பதே சட்டப் பிரச்சினையாகிவிடும். அந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். துப்பாக்கி காத்திருக்கும்.

இரண்டாம் படி: எங்கே எடுத்துச் செல்லலாம்?

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் டெக்சஸில் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படியிருந்தும் உரிமம் எடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கான வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். முடிவில் 3, 7, 15 கெஜம் தொலைவுகளிலிருந்து 50 தோட்டாக்கள் சுட்டு, 250 புள்ளிகளுக்கு 175 எடுக்க வேண்டும். தேர்வு கடினமில்லை. ஆனால், எங்கே சுடக் கூடாது, எப்போது பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஒருவர் எதிரில் அமர்ந்து விளக்கும் அந்த நேரம் மதிப்புள்ளது. டெக்சஸ் உரிமத்தை ஏற்கும் பிற மாநிலங்களும் பல உள்ளன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்பதில்லை.

துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது என்னும் அறிவிப்புப் பலகைகள் கடை வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களுடன் இருக்கும். உரிமம் இல்லாதவருக்கு முதலாவது, மறைத்து எடுத்துச் செல்லும் உரிமதாரருக்கு இரண்டாவது. வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லும் உரிமதாரருக்கு மூன்றாவது. அங்கேயே அருந்தும் மதுவின் விற்பனையிலேயே பெரும்பகுதி வருமானம் வரும் இடங்களில் சிவப்பில் 51 விழுக்காடு என்று எழுதியிருக்கும்; அங்கே கொண்டுபோகவே கூடாது. குடித்து நிதானம் இழந்த நிலையிலும் கூடாது. நாள்தோறும் போய்வரும் இடங்களை ஒரு தாளில் எழுதி, எங்கெல்லாம் துப்பாக்கியைக் காரில் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். காருக்குள் பூட்டுப் பெட்டி ஒன்றும் தேவை என்பது அப்போது தெரியும்.

மூன்றாம் படி: அளவு

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

அளவுகோலாகக் கிளாக் 19-ஐ எடுத்துக்கொள்வோம். 1988 முதல் சந்தையில் இருக்கும் இதைத்தான் ‘காம்பேக்ட்’ வகைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சொல்வார்கள். நீளம் 185 மி.மீ., உயரம் 128 மி.மீ., அகலம் 34 மி.மீ. தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் 15 தோட்டாக்கள். முழுவதும் நிரப்பினால் எடை ஏறத்தாழ 855 கிராம். ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான அந்தக் கனத்தை நாள் முழுவதும் இடுப்பு தாங்க வேண்டும்.

அடுத்தது 2018-இல் வந்த சிக் சாவர் பி365. குழல் 3.1 அங்குலம், அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம், வெற்று எடை அரைக் கிலோ அளவு. அவ்வளவு சிறிய உடலில் 10 தோட்டாக்களை அடக்கியதுதான் அதன் சாதனை. அதுவரை அந்த அளவிலுள்ள துப்பாக்கிகளில் ஆறு, ஏழு என்பதே வழக்கம். பிறகு ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் பிளஸ் என்று மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள்.

அதற்கும் கீழே சட்டைப் பைக்குள் போகும் வகை இருக்கிறது. ருகர் எல்சிபி 300 கிராமுக்கும் குறைவு. 380 ஏசிபி என்னும் சற்றே வலுக் குறைந்த தோட்டா ஆறு.

ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுட்டால் பின்னுதைப்பு கூடும். கனமான கதவையும் லேசான கதவையும் ஒரே விசையுடன் தள்ளிப் பாருங்கள், எது வேகமாக நகர்கிறது? அதே கணக்குதான். குழல் குட்டையானால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தொலைவு குறையும். குறி பார்ப்பதில் நேரும் சிறு பிழையும் இலக்கில் பெரிதாகத் தெரியும். பிடி குட்டையானால் சுண்டு விரல் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி கைக்குள் நழுவித் திரும்பும்.

மறைப்பதில் நான் தாமதமாகக் கற்ற ஒன்று: குழலின் நீளம் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை, அது கால்சட்டைக்குள் போய்விடும். சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிவது பிடிதான். ஆகவே இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டுமென்றால் பிடி சற்றுக் குட்டையான வகையைத் தேர்ந்தெடுங்கள். குழல் குட்டையானதை வீணாகத் தேட வேண்டியதில்லை. பிடியைக் குறைக்கும்போதும் மூன்று விரல்களும் உட்காரும் அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

நான்காம் படி: பிஸ்டலா, ரிவால்வரா?

சுழலும் உருளையில் தோட்டா இடும் ரிவால்வர் எளிமையானது, அதனால் பெண்களுக்கு ஏற்றது என்ற அறிவுரை நூறு முறை காதில் விழும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற குட்டி ரிவால்வரில் 38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து. எடை ஏறத்தாழ 410 கிராம். இயக்கம் எளிமைதான், பிஸ்டலைப் போல ஸ்லைடை (குழலை மூடிய மேல்பகுதியை) இழுத்துத் தோட்டா ஏற்றும் வேலையும் இல்லை. ஆனால் விசையை (டிரிகர்) இழுப்பது நீளமாகவும் கனமாகவும் இருக்கும். அதை இழுத்து முடிப்பதற்குள் புதியவரின் கை ஆடிவிடும். குறிகளும் மிகச் சிறியவை. நல்ல அனுபவசாலிகளின் கையில் அது அருமையான கருவி. முதல் துப்பாக்கியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று தயங்குபவர்கள் முதலில் முறையை மாற்றிப் பாருங்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, முனை பாதுகாப்பான திசையில் இருக்கும்படி பிடியுங்கள். மற்றொரு கையால் ஸ்லைடை மேலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிடி உள்ள கையை முன்னோக்கித் தள்ளுங்கள். விரல் நுனியால் கிள்ளி இழுப்பதைவிட இது பல மடங்கு எளிது. மூட்டுவலியோ விரல் பலக் குறைவோ உண்மையிலேயே தடையாக இருந்தால், அதற்கென்றே லேசான ஸ்லைடுடன் செய்யப்பட்ட ஷீல்ட் இஇசட் வகை இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய என் வாடிக்கையாளர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார்.

ஐந்தாம் படி: தோட்டா

9 மி.மீ. எடுங்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு பெரிய தோட்டாக்களுக்கு மாறி, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் 9 மி.மீட்டருக்கே திரும்பியது. விலை, பின்னுதைப்பு, எங்கும் கிடைப்பது என்ற மூன்றிலும் அது நடுநிலையாக நிற்கிறது. 380 ஏசிபி உடலளவில் சிறியதாக இருந்தும் கடைகளில் பெரும்பாலும் அதைவிட விலை அதிகம். தோட்டா விலை கூடினால் பயிற்சி குறையும்.

ஆறாம் படி: வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள்

துப்பாக்கிகளை வாடகைக்குத் தரும் பயிற்சித் தளம் ஒன்றுக்குப் போங்கள். முதல்முறை என்றால் ஒரு பயிற்றுநரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். கண்ணாடியும் காதுக் காப்பும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. நான்கு விதிகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன்மீதும் முனையைத் திருப்பாதே. குறி இலக்கில் பதியும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள்.

மூன்று துப்பாக்கிகளை எடுங்கள்: கிளாக் 19 அளவில் ஒன்று, பி365 அளவில் ஒன்று, மூன்றாவது உங்கள் விருப்பம். ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. ஏழு கெஜத்தில் ஒரு சாதாரணத் தட்டின் அளவுக்குள் எல்லாம் விழுகின்றனவா? மணிக்கட்டைத் திருப்பாமலே ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் உட்காருகிறதா? பிடியைத் தளர்த்தாமல் மேகசினை விடுவிக்கும் பொத்தானைத் தொட முடிகிறதா? ஐம்பதாவது தோட்டாவின்போதும் கண்ணை மூடாமல் இருக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். சுடும் முன்னரே கண் சிமிட்டுகிறீர்கள் என்றால், அந்தத் துப்பாக்கி உங்களுக்கு அதிகம்.

என் இரண்டாம் துப்பாக்கியை இப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். கடையில் கையில் எடுத்தபோது பிடித்திருந்தது ஒன்று. சுட்டபோது பொருந்தியது வேறொன்று.

வாங்கும் நாளில் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். வேறொருவர் பணம் கொடுத்து உங்களை வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதை மறைத்து அந்தப் படிவத்தில் பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம்.

ஏழாம் படி: உறையும் இடுப்பு வாரும்

துப்பாக்கிக்குச் செலவழித்துவிட்டு உறையில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். உறை, விசையைச் சுற்றியுள்ள காப்பை முழுவதும் மூட வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் மூடாமல் நிற்க வேண்டும். உங்கள் துப்பாக்கி வகைக்கென்றே வார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். துணியால் செய்த ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ உறைகளை வாங்காதீர்கள். அதைத் தாங்க விறைப்பான இடுப்பு வார் தேவை. உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரம் கூடாது: சட்டையின் நுனி விசைக்குள் சிக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு மெதுவாக வையுங்கள்.

சுடிதாருக்கு இடுப்பு வார் கிடையாது. அதனால் பல பெண்கள் கைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நிற்போம். மிட்டாய் தேடும் குழந்தை முதலில் திறப்பது அதைத்தான். உள்ளே கெட்டியான உறை தைக்கப்பட்ட வயிற்றுப் பட்டிகள் கிடைக்கின்றன, குர்த்தாவுக்கு உள்ளே நன்றாக மறையும். அதுவும் வசதிப்படவில்லை என்றால் அன்று துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

எட்டாம் படி: வீட்டில்

விரைவாகத் திறக்கும் சிறிய பெட்டகத்தைத் துப்பாக்கி வாங்கும் அதே நாளில் வாங்குங்கள். கவனக்குறைவாக வைத்த, தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சஸில் அது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாரேனும் மனம் உடைந்திருக்கும் காலம் என்றால், அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வெளியே, சட்டப்படி அதை வைத்திருக்கக்கூடிய நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

ஒன்பதாம் படி: நம்பும் முன் சோதித்தல்

முதல் இருநூறு பயிற்சித் தோட்டாக்களில் சிக்கல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு நீங்கள் நாள்தோறும் வைத்திருக்கப்போகும் குழிமுனைத் தோட்டாவில் குறைந்தது ஐம்பது சுட்டுப் பாருங்கள். ஒருவகைத் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கி இன்னொன்றை ஏற்காமல் போவதுண்டு. அதன் பிறகுதான் இடுப்பில் வையுங்கள். மாதம் ஒருமுறை தளத்துக்குப் போவதும், இடைப்பட்ட நாள்களில் தோட்டா எதுவும் இல்லாத அறையில் வெற்றுத் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பழகுவதும் போதுமான தொடக்கம்.

பயிற்சிக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்குங்கள். அந்தப் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலையத்தின் சோதனைக் கருவியில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகலாம். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் காவல் நிலையத்தில் உட்கார நேரும். என்னுடைய பயிற்சிப் பை சிவப்பு நிறம். வீட்டில் வேறு எந்தப் பையும் சிவப்பில் இல்லை.