நாற்பதுக்கு மேல் ஓடுபவர்களுக்கு இடுப்பு வலி: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

இடுப்பில் வலி வந்ததும் வைத்தியத்தில் இறங்கிவிடுகிறோம். வலி சரியாக எங்கே என்று பார்ப்பதில்லை. ஒற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். தொடையின் வெளிப்புறம் மேலே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் விரல் நின்றால் பெரும்பாலும் அது தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பிரச்சினை. தொடையிடுக்கில், உள்ளே ஆழமாக வலித்தால் மூட்டையும் எலும்பையும் சந்தேகிக்க வேண்டும். கீழ்முதுகில் தொடங்கி முழங்காலுக்குக் கீழும் இறங்கினால் நரம்பாக இருக்கலாம்.

தொடையிடுக்கு வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. காலை ஊன்றும்போதெல்லாம் வலி, இரவில் படுத்தாலும் வலி என்றால் தொடை எலும்பின் கழுத்தில் நுண்விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பிடிபடாமல் போவது சகஜம்; எம்.ஆர்.ஐ.தான் காட்டும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று நம்பி மறுபடி ஓடினால் விரிசல் முழு முறிவாகிவிடக்கூடும். அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒற்றைக் காலில் குதித்து நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள்.

இந்த வயதில், அதிலும் மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களிடம், அடிக்கடி காண்பது வெளிப்புற வலிதான். எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் திரவப்பையின் வீக்கம் (பர்சைடிஸ்) என்றே நெடுங்காலம் இதைச் சொல்லிவந்தார்கள். உண்மையில் பெரும்பாலும் கெட்டிருப்பது, பிட்டத் தசைகள் அந்த எலும்பில் வந்து ஒட்டும் தசைநாண். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்குபவை இந்தத் தசைகள். வலிக்கும் காலில் 30 விநாடி நின்றதும் அதே இடத்தில் வலி கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது.

இங்கே எல்லோரும் முதலில் செய்வது ஸ்ட்ரெச்சிங். மல்லாந்து படுத்து முழங்காலை எதிர்த் தோளை நோக்கி இழுப்பார்கள். காலைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் வளைவார்கள். தொடை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் அந்தத் தசைநாண் எலும்போடு சேர்த்து நசுக்கப்படுகிறது. செய்யும்போது இதமாகத்தான் இருக்கும். மறுநாள் படியேறும்போது வலி கூடியிருக்கும். ஃபோம் ரோலரை அந்த எலும்பின் மேலேயே உருட்டுவதும் மசாஜ் கன்னை அங்கே வைத்து அழுத்துவதும் இதே கெடுதல்தான். வாரக்கணக்கில் வலி ஆறாமல் இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

ஓடாத நேரத்திலும் இந்த நசுக்கல் நடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு காலில் சாய்ந்து நிற்கிறோம். கால் மேல் கால் போட்டு உட்காருகிறோம். வலிக்காத பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் மேலிருக்கும் கால் முன்னால் சரிந்து விழும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரு கால்களுக்கும் நடுவே கெட்டியான தலையணை வையுங்கள்.

முழு ஓய்வும் தவறே. மாதக்கணக்கில் சும்மா இருந்தால் வலி அடங்கும், தசைநாண் இன்னும் பலவீனமாகும். ஓடத் தொடங்கியதும் திரும்பி வரும். ஊசி சீக்கிரம் குணப்படுத்தும் என்ற எண்ணத்துக்கும் பதில் இருக்கிறது. 2018இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் இந்த வெளிப்புற வலியுள்ள 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எட்டு வாரம் கழித்து நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள், பயிற்சியும் விளக்கமும் பெற்ற குழுவில் சுமார் 77%, ஸ்டீராய்டு ஊசிக் குழுவில் 58%, வலி தானே ஆறுகிறதா என்று காத்திருந்த குழுவில் 29%. ஓராண்டு கழித்து ஊசிக் குழுவுக்கும் காத்திருந்த குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பயிற்சிக் குழு முன்னால் நின்றது.

பயிற்சியை இப்படித் தொடங்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்தில் வைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். தொடைகளை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளி 30 விநாடி பிடியுங்கள். ஐந்து முறை, தினமும் இரண்டு வேளை. முழு பலத்தையும் போட வேண்டாம். வலி தணிந்ததும் வாரத்தில் மூன்று நாள், படுத்தபடி இடுப்பைத் தூக்கும் பயிற்சி: பத்து பத்தாக மூன்று சுற்று. பிறகு 15 செ.மீ. உயரப் படியில் கண்ணாடி முன் ஏறி இறங்குங்கள். இடுப்பின் ஒரு பக்கம் தொங்கினால் உயரத்தைக் குறையுங்கள். சுலபமானதும் முதுகுப் பையில் எடை சேருங்கள். லேசான ரப்பர் பட்டையோடு நூறு முறை செய்வதால் இந்த வலு வராது, சுமை ஏறவேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

இந்தக் காலத்தில் ஓடலாமா? வெளிப்புற வலிதான் என்று உறுதியானால் ஓடலாம்; வேகப் பயிற்சியையும் மேட்டையும் நிறுத்தி, தூரத்தைப் பாதியாக்குங்கள். பத்துக்கு மூன்று அளவுக்கு மேல் வலி போகக் கூடாது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் அதே வேகத்தில் 168 வைத்துப் பார்க்கட்டும். அடி சிறிதாகி இடுப்பின் சுமை குறையும். இரு பாதமும் ஒரே கோட்டில் விழுவதைத் தவிருங்கள். மழைநீர் வடியச் சரித்துப் போட்ட சாலையோரத்தில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுவதும் வேண்டாம், சமதளத்துக்கு மாறுங்கள். மறுநாள் காலை முதல் பத்து அடியில் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் அடுத்த ஓட்டத்தை ஒரு நாள் தள்ளி, தூரத்தைக் குறையுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டி, தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.